சமுதாயக் கல்லூரியிலிருந்து எந்தப் பல்கலைக்கழகத்துக்கு? வாசகர் கேள்வியும் கல்வி ஆலோசகரின் பதிலும்

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் சன்னிவேல் நகரில் வசிக்கிறோம். என் மகள் டி ஆன்சா சமுதாயக் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருக்கிறாள். ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 3.7. கணினி அறிவியல் படிக்க விரும்புகிறாள். கால்குலஸில் இரண்டு பாடங்களும் நிரலாக்கத்தில் ஒரு பாடமும் முடித்துவிட்டாள். மற்றவையெல்லாம் பொதுக்கல்விப் பாடங்கள். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். பெர்க்கிலி, அல்லது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ., இந்த இரண்டும் இல்லையென்றால் பயனில்லை என்று கணவர் சொல்கிறார். மகளோ டேவிஸ், சான் ஹோசே ஸ்டேட் என்று பேசுகிறாள். நாங்கள் எச்-1பி (வேலை), எச்-4 (குடும்பத்தினர்) விசாவில் இருக்கிறோம். வரும் பிப்ரவரியில் அவளுக்கு 20 வயது நிறைகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது கணவரின் பட்டியலையும் அல்ல, மகளின் பட்டியலையும் அல்ல. ‘மற்றவையெல்லாம் பொதுக்கல்விப் பாடங்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான். உங்கள் மகளுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தரவரிசைப் பட்டியலைவிட அந்த வரியே அதிகம் தீர்மானிக்கப் போகிறது.

பள்ளியை முடித்துவிட்டு நேராகச் சேரும் மாணவரைப் பல்கலைக்கழகம் ஒரு விதமாகவும், சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறி வருபவரை வேறு விதமாகவும் எடைபோடுகிறது. மாறி வருபவர் மூன்றாம் ஆண்டில், ஒரு குறிப்பிட்ட துறைக்குள் நேரடியாக நுழைகிறார். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தத் துறை எதிர்பார்க்கும் அடிப்படைப் பாடங்களை முடித்திருக்கிறாரா, முடித்தவற்றை அந்த வளாகம் ஏற்கிறதா, மீதியை இரண்டே ஆண்டுகளில் முடிக்க வழி இருக்கிறதா என்பவையே இங்கு பொருட்படுத்த வேண்டியவை. பெற்றோர் பலரும் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்பப் பாடங்களைப் பிறகு தேடுகிறார்கள். நான் இதை எப்போதும் எதிர்த்திசையிலேயே செய்யச் சொல்வேன்.

அதற்குக் கலிபோர்னியாவில் அசிஸ்ட் என்ற அதிகாரபூர்வ இணையதளம் இருக்கிறது. படிக்கும் கல்லூரி, போக விரும்பும் வளாகம், துறை, கல்வியாண்டு ஆகியவற்றைத் தேர்ந்தால், ஒரு பக்கம் அந்த வளாகம் கேட்கும் பாடங்களும் எதிர்ப்பக்கம் அவற்றுக்கு இணையாக உங்கள் கல்லூரி நடத்தும் பாடங்களும் வரிசையாக வந்து நிற்கும். இணைப்பாடம் இல்லாத இடத்தில் அதையும் வெளிப்படையாகக் குறித்திருப்பார்கள். உங்கள் மகள் ஐந்து அல்லது ஆறு வளாகங்களுக்கான பக்கங்களை அச்சிட்டு மேசையில் பரப்பி, முடித்த பாடங்களை ஒரு நிறத்திலும், வரும் மூன்று குவார்ட்டர்களில் (பருவங்களில்) முடிக்கக்கூடியவற்றை வேறொரு நிறத்திலும் அடையாளமிடட்டும். உங்கள் வீட்டு விவாதத்தில் பாதி அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும். ஒரு வளாகம் ஏற்கும் பாடத்தை இன்னொரு வளாகம் ஏற்காமல் இருக்கலாம் என்பதால், ‘யு.சி. (கலிபோர்னியாப் பல்கலைக்கழக அமைப்பு) என்றால் எல்லாம் ஒன்றுதான்’ என்று கொண்டுவிடக் கூடாது.

பொதுக்கல்விப் பாடங்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதுவரை ஐ.ஜி.இ.டி.சி. என்று அழைக்கப்பட்ட பொதுக்கல்வித் தொகுப்பின் இடத்தில், 2025 இலையுதிர் காலத்திலிருந்து கால்-ஜி.இ.டி.சி. என்ற ஒரே தொகுப்பு வந்திருக்கிறது. யு.சி., கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள்) ஆகிய இரண்டு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். வரலாறு, பொருளியல் போன்ற துறைகளுக்குப் போகிறவர்கள் இதை முழுமையாக முடித்துக்கொண்டு போவது நல்லது. ஆனால் பொறியியல், கணினி அறிவியல் போன்று அடிப்படைப் பாடங்கள் மிகுந்த துறைகளில், துறைக்குரிய பாடங்களை முதலில் முடிக்கும்படியே யு.சி. வளாகங்கள் அறிவுறுத்துகின்றன. பொதுக்கல்வியில் மிச்சம் இருப்பதைப் போன பிறகும் படித்துக்கொள்ளலாம். தரவு அமைப்புகள் பாடமும் நேரியல் இயற்கணிதமும் இல்லாமல் போகும் மாணவருக்கோ, அனுமதி கிடைப்பதே கடினம். உங்கள் மகள் முதல் ஆண்டில் எளிதானவற்றை முடித்துக் கடினமானவற்றைத் தள்ளி வைத்திருப்பதாகத் தெரிகிறது. இது பலரும் செய்வதுதான். ஆனால் அதன் விளைவாக வரும் ஆண்டு முழுவதும் கணிதமும் கணினியுமாகவே இருக்கும். கால்குலஸின் மீதி, நேரியல் இயற்கணிதம், தனிநிலைக் கணிதம், தரவு அமைப்புகள், கணினிக் கட்டமைப்பு ஆகியவற்றில் எவை எந்தக் குவார்ட்டரில் நடத்தப்படுகின்றன, எதற்கு எது முன்தேவை என்பதை இப்போதே பார்த்து அட்டவணை போட வேண்டும். ஒரு குவார்ட்டரில் பாடம் நடப்பது ஏறக்குறைய பதினொரு வாரங்கள்தாம். நடுவில் ஒரு பாடம் தவறினால் பின்னால் வரும் தொடர் முழுவதும் தள்ளிப்போகும்.

இன்னொரு நுணுக்கம். சில பாடத்தொடர்களை முழுத் தொடராக முடித்தால்தான் அசிஸ்ட் காட்டும் இணைப்பாட ஒப்பந்தத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். டி ஆன்சாவில் கால்குலஸின் பாதியைக் குவார்ட்டர் முறையில் படித்துவிட்டு, கோடையில் வசதியாக இருக்கிறதென்று செமஸ்டர் முறையில் நடக்கும் வேறொரு கல்லூரியில் மீதியைப் படித்தால், இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழுந்து மதிப்பில் சிக்கல் வரலாம். தொடங்கிய தொடரை அதே கல்லூரியில் முடிப்பதே பாதுகாப்பு.

இனி கணவர் சொல்லும் இரண்டு வளாகங்களுக்கு வருவோம். பெர்க்கிலியில் கணினி படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பொறியியல் கல்லூரியில் உள்ள இ.இ.சி.எஸ். (மின்பொறியியலும் கணினி அறிவியலும் சேர்ந்த துறை). மற்றது 2023இல் உருவான, கணினியியலுக்கும் தரவு அறிவியலுக்குமான தனிக் கல்லூரியில் உள்ள கணினி அறிவியல். முன்னதற்கு இயற்பியலும் தேவை. இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, போட்டி மிகக் கடுமை. மேலும் 61ஏ, 70 என்ற எண்களில் அவர்கள் நடத்தும் அடிப்படைப் பாடங்களுக்கு இணையானவை பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் இல்லை. அவற்றை அங்கே போய், மேல்நிலைப் பாடங்களோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும். யு.சி.எல்.ஏ.வில் கணினி அறிவியல் பொறியியல் பள்ளிக்குள் இருக்கிறது. அங்கு இயற்பியல் தொடரையும் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மகள் இன்னும் இயற்பியலைத் தொடவில்லை. இலையுதிர் குவார்ட்டரிலேயே அதைத் தொடங்கினால், கணிதமும் கணினியும் நிறைந்த அட்டவணையில் மூன்றாவது பெரிய சுமையாக அது ஏறும். அந்தச் சுமையால் 3.7 என்பது 3.4 ஆக இறங்கினால் யு.சி.எல்.ஏ. மட்டுமல்ல, மற்ற வளாகங்களும் எட்டாமல் போகலாம். என் கருத்தைக் கேட்டால், பெர்க்கிலியின் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கட்டும், யு.சி.எல்.ஏ.வுக்காக இயற்பியலை இந்த ஆண்டில் திணிக்க வேண்டாம்.

‘அப்படியானால் சமுதாயக் கல்லூரியில் மூன்றாவது ஆண்டும் இருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகலாமே’ என்று கணவர் கேட்கக்கூடும். வேறொரு குடும்பத்துக்கு நானே அதைப் பரிந்துரைத்திருப்பேன். செமஸ்டர் முறையில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தில் இன்னும் ஓர் ஆண்டு படிப்பது எந்தக் கணக்கிலும் பெருஞ்செலவு அல்ல. ஆனால் உங்கள் குடும்பத்தில் அந்த ஓராண்டு, விசாவின் காரணமாக வேறு விலை கேட்கும்.

எச்-4 விசா பிள்ளைகளுக்கு 21 வயது நிறையும்போது முடிந்துவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதன்பின் படிப்பைத் தொடரப் பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். வரும் ஆண்டிலேயே மாறினால், உங்கள் மகளுக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டு நடுவில் 21 நிறையும். மூன்றாம் ஆண்டும் டி ஆன்சாவில் இருந்தால், சமுதாயக் கல்லூரியில் இருக்கும்போதே நிறையும். எச்-4 விசாவில் இருப்பவர்கள் கலிபோர்னியாக் குடியிருப்பாளர் என்ற தகுதியைப் பெறச் சட்டம் இடம் தருகிறது. எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக அந்த இடம் இல்லை. குடியிருப்பாளர் அல்லாதவர் என்று வகைப்படுத்தப்பட்டால் யு.சி.யில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,000 டாலருக்கும் அதிகமான துணைக்கட்டணம் சேரும். யு.சி. அமைப்பு கேட்கும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ.வும் குடியிருப்பாளருக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8 என்று வேறுபடுகிறது. கணினித் துறைகளில் உண்மையான போட்டி அதைவிட வெகு உயரத்தில் நடப்பதால் இந்த இரண்டாவது வேறுபாடு உங்களைத் தொடாது. கட்டண வேறுபாடு தொடும்.

டி ஆன்சா உங்கள் மகளைக் குடியிருப்பாளராக ஏற்றிருப்பதாலேயே பல்கலைக்கழகமும் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு வளாகமும் தன் கணக்கில் தனியாகத் தீர்மானிக்கிறது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் என்பதால் உங்கள் குடியிருப்பு ஆவணங்களையும் கேட்பார்கள். வாகன உரிமம், மாநில வருமான வரி, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிப்பின் நடுவில் எஃப்-1க்கு மாறினால் வகைப்பாடு என்னவாகும் என்ற கேள்வியை, அனுமதி தந்த வளாகத்தின் குடியிருப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகே சேர்வதை உறுதி செய்யுங்கள். நண்பர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது இதில் சான்றாகாது.

விசாவின் மறுபக்கமும் ஒன்று உண்டு. எச்-4இல் இருக்கும் பிள்ளைகள் ஊதியம் பெறும் கோடைக்கால வேலைப்பயிற்சியில் சேர முடியாது. எஃப்-1இல் இருந்தால் படிப்போடு இணைந்த வேலைப்பயிற்சிக்கு அனுமதி பெறலாம். பட்டத்துக்குப் பிறகும் வேலை அனுமதி உண்டு, கணினி அறிவியல் போன்ற துறைகளில் அது மேலும் 24 மாதங்கள் நீளும். கணினித் துறையில் கோடைப்பயிற்சிதான் முதல் வேலைக்கான வழி என்பதால் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எஃப்-1க்கு மாறுவதை அமெரிக்காவுக்குள்ளேயே செய்வதா, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரை பெற்று வருவதா, கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும் குடும்பத்துக்கு அதில் என்ன இடர், மனு நிலுவையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழிக்கும் சட்டம் உங்கள் மகளுக்கு உதவுமா என்பவையெல்லாம் குடிவரவு வழக்கறிஞர் சொல்ல வேண்டியவை. என் தொழிலின் எல்லைக்கு வெளியே போய் நான் அவற்றில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இலையுதிர் காலத்துக்குள் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பின்னணியில்தான் மகளின் பட்டியல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. யு.சி. அமைப்பில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்யும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு அனுமதி உறுதி தருகின்றன. டேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த விண்ணப்பத்தை ஒரே ஒரு வளாகத்துக்கு மட்டுமே, செப்டம்பர் 1 முதல் 30க்குள் அனுப்ப முடியும். பெர்க்கிலி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ ஆகியவை இதில் இல்லை. உறுதி தரும் வளாகங்களிலும் சில, கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளை இந்த உறுதியிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. எந்த வளாகம் எந்தத் துறையை விலக்கியிருக்கிறது என்பது ஆண்டுதோறும் மாறுவதால், இந்த ஆண்டுக்கான அட்டவணையைத் துறையின் பெயர் வரை படித்துவிட்டே தேர்ந்தெடுங்கள். கணினி அறிவியலுக்கு உறுதி தரும் வளாகம் ஒன்று தகுதிக்குள் இருக்குமானால், அது விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் இல்லாவிட்டாலும் டேக் அனுப்பட்டும். அதனால் மற்ற வளாகங்களுக்கு விண்ணப்பிக்கும் உரிமை சிறிதும் குறையாது.

‘உறுதி கிடைக்கும் வேறு ஏதேனும் துறையில் உள்ளே நுழைந்து, பிறகு கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த யோசனை நம்மவர்களிடையே வெகுவாகப் புழங்குகிறது. முன்பு சில இடங்களில் இது நடந்ததும் உண்டு. இப்போது பெர்க்கிலி, சான் டியேகோ போன்ற வளாகங்களில் வெளித்துறையிலிருந்து கணினிக்குள் மாறுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் மாணவருக்கு அதற்கான கால அவகாசமும் இல்லை. கணிதமோ தரவு அறிவியலோ அதற்காகவே பிடித்திருந்தால் அது வேறு, அப்போது தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

சான் ஹோசே ஸ்டேட்டை உங்கள் மகள் பட்டியலில் வைத்திருப்பது விவரம் தெரிந்த தேர்வு. 1857இல் தொடங்கிய இந்த நிறுவனம் அமெரிக்க மேற்குக் கரையின் மிகப் பழைய பொது உயர்கல்வி நிறுவனம். சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருப்பதால் அதைச் சுற்றியுள்ள நிறுவனங்களில் அதன் பட்டதாரிகள் நிறைந்திருக்கிறார்கள். கணினி அறிவியல் ஒரு கல்லூரியிலும், மென்பொருள் பொறியியலும் கணினிப் பொறியியலும் இன்னொரு கல்லூரியிலும் இருக்கின்றன; மூன்றின் தேவைகளும் வேறு. கால் ஸ்டேட் அமைப்பின் அடிப்படைக் கல்விக் கட்டணம் குடியிருப்பாளருக்கு ஆண்டுக்கு 6,000 டாலருக்கு மேல், வளாகக் கட்டணங்கள் தனி. யு.சி.யில் கட்டணம் அதைப்போல இருமடங்குக்கும் மேல். அத்துடன் டேவிஸிலோ அர்வைனிலோ அறை எடுத்துத் தங்கினால், எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டிவிடும். சன்னிவேலிலிருந்து சான் ஹோசேவுக்கு வீட்டுச் சாப்பாட்டோடு போய் வரலாம். (சாண்டா குரூஸ் வரைபடத்தில் அருகில் தெரியும். ஆனால் 17ஆம் நெடுஞ்சாலையில் தினமும் மலை ஏறி இறங்கிப் படிக்க முடியும் என்று திட்டமிட வேண்டாம். அங்கே வாடகைக்கு அறை கிடைப்பதும் எளிதல்ல.)

ஆனால் சான் ஹோசே ஸ்டேட்டையும் ‘எப்படியும் கிடைக்கும்’ என்ற கணக்கில் வைக்கக் கூடாது. அங்கும் கணினித் துறைகளில் இடத்துக்கு நெருக்கடி உண்டு. சமுதாயக் கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்கு மாறுவோருக்கென உள்ள இரண்டாண்டு இணைப்பட்டம் பெற்றால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் இடம் உறுதி என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உறுதி அமைப்புக்குள் ஓர் இடத்துக்குத்தான், குறிப்பிட்ட வளாகத்துக்கோ துறைக்கோ அல்ல. எனவே கால் ஸ்டேட்டிலும் இன்னும் ஒன்றிரண்டு வளாகங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. தென் கலிபோர்னியாவின் யு.எஸ்.சி. மாற்று மாணவர்களை (வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களை) நிறையவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டி நிற்கிறது, எச்-4 மாணவருக்குக் கூட்டரசின் நிதியுதவியும் கிடையாது.

கணவரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. பெர்க்கிலியின் பெயருக்கு மதிப்பு இருக்கிறது, குறிப்பாக ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு. இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். ஆனால் கிடைக்காவிட்டால் மற்றவை பயனற்றவை என்று வீட்டில் தினமும் பேசப்படும்போது, அந்தப் பேச்சு விண்ணப்பத்தைக் கூர்மையாக்குவதில்லை. மகளின் குவார்ட்டரைத்தான் கெடுக்கிறது. உறவினர்களுக்காக என்றால், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் டி ஆன்சாவில் படித்துவிட்டுத்தான் பெர்க்கிலிக்குப் போனார் என்பதை வேண்டுமானால் அவர்களிடம் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் தரும் பட்டச்சான்றிதழும் முதல் ஆண்டில் சேர்ந்தவருக்கும் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தவருக்கும் ஒன்றேதான்.

வாய்ப்பு எவ்வளவு என்பதை வதந்தியை நம்பி அளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வளாகத்திலும் ஒவ்வொரு துறையிலும் எத்தனை மாற்று மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அனுமதி பெற்றார்கள், அவர்களின் ஜி.பி.ஏ. எந்த வரம்புக்குள் இருந்தது என்ற விவரங்களை யு.சி. தன் தகவல் மையப் பக்கத்தில் வெளியிடுகிறது. வளாகத்தின் மொத்த விகிதத்தைப் பார்த்து ஏமாறாமல் கணினி அறிவியலின் வரியைத் தேடிப் படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கணவருக்கு என் வாதங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

நாட்களைப் பொறுத்தவரை, யு.சி. விண்ணப்பம் ஆகஸ்டிலேயே திறந்துவிடும். அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் இறுதியை ஒட்டிய கெடு வரை அனுப்பலாம். ஒரே விண்ணப்பத்தில் பல வளாகங்களைக் குறிக்கலாம், கட்டணம் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனி. கால் ஸ்டேட்டுக்குத் தனி விண்ணப்பம், வளாகத்துக்கு 70 டாலர். யு.சி.க்கு நான்கு சிறு கட்டுரைகள் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். அவற்றில் ஒன்று, தேர்ந்த துறைக்குத் தன்னை எப்படித் தயார் செய்துகொண்டார் என்பதைப் பற்றியது. மாற்று மாணவர்கள் அனைவருக்கும் அது கட்டாயம். மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். ஜனவரி இறுதிக்குள் இலையுதிர் மதிப்பெண்களையும் மீதிப் பாடத் திட்டத்தையும் சேர்த்துப் புதுப்பிப்புப் படிவம் அனுப்ப வேண்டும். இதை மறந்ததால் நல்ல விண்ணப்பங்கள் கவிழ்ந்ததை என் அலுவலில் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் எழுதிய பாடத்தை நடுவில் கைவிட்டால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் கிடைத்த அனுமதியே ரத்தாகலாம். முடிவுகள் ஏப்ரலுக்குள் வந்துவிடும். யு.சி.யில் இடத்தை ஏற்பதற்கு ஜூன் 1 வரை காலம் இருக்கிறது. குடியிருப்பு பற்றிய எழுத்துப் பதிலைப் பெற வேண்டிய காலமும் அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், டி ஆன்சாவில் இருக்கும் கவுன்சிலரை உங்கள் மகள் இந்த வாரமே நேரம் வாங்கிப் பார்க்கட்டும். டேக் கெடுவை ஒட்டிய வாரங்களில் அவர்களிடம் நேரம் கிடைப்பது கடினம். அசிஸ்ட் பக்கங்களையும் நிறமிட்ட அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போனால், அரை மணி நேரச் சந்திப்பும் பயனுள்ளதாக அமையும். நீங்களும் கூடப் போக விரும்பினால் மகளிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் கல்விப் பதிவுகளின் உரிமை மாணவரையே சேரும் என்பது கூட்டரசுச் சட்டம். அவருடைய ஒப்புதல் இல்லாமல் மதிப்பெண்களைப் பற்றிப் பெற்றோரிடம் கல்லூரி ஆலோசகர்களான எங்களால் பொதுவாகப் பேச முடியாது. சந்திப்பில் கேள்விகளை மகளே கேட்கட்டும். விசா, கட்டணம் இரண்டையும் பற்றி மட்டும் உங்கள் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.